மேசைக் காலை வெட்டியவள்

நெய்யாற்றின்கரையில் நான் வேலை பார்த்த துணிக்கடையில் சேலை காட்டுகிற பெண்கள் உட்காரக் கூடாது. எங்கும் எழுதி ஒட்டியிருக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். காலையில் ஷட்டர் தூக்கியதிலிருந்து இரவு இறக்குகிறவரை நிற்க வேண்டும். ஆள் வந்தாலும் நிற்க வேண்டும், வராவிட்டாலும் நிற்க வேண்டும். சுவரில் சாயக் கூடாது. சாய்கிறோமா என்று பார்க்க மேலே ஒரு காமிரா இருந்தது. காமிராவில் தெரிவதைப் பார்க்கக் கண்ணாடி அறைக்குள் ஒரு மேனேஜர் இருந்தார். அவர் உட்கார்ந்திருந்தார்.

நான் சொல்லப்போகிறவள் அந்தக் கடைக்கு வேலைக்கு வந்த முதல் நாளே, மத்தியானச் சோற்றுக்கு முன்பே, ஒரு துணிப்பொதியை இழுத்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். நான் பக்கத்தில் ஓடினேன்.

"பிள்ளே, எழும்பு. அவரு பாத்துட்டு இருக்காரு."

"பாக்கட்டும் அக்கா. நான் என்ன துணியில்லாமலா இரிக்கேன்?"

மேனேஜர் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். "எந்தா இது? வந்த அன்னைக்கே இரிப்பா?" என்றார். அவள் எழுந்திருக்கவில்லை. மடியில் இருந்த சேலையை மடித்துக்கொண்டே சொன்னாள்: "சாரே, எனக்குச் சம்பளம் சேல காட்டுகதுக்கு ஆக்கும். நிக்கதுக்குத் தனியா வல்லதும் துட்டு உண்டுன்னா சொல்லணும். நிக்கேன்."

அன்றைக்கே அவளை அனுப்பியிருப்பார்கள். ஆனால் ஓணம் நெருங்கிவிட்டது, கடையில் ஆள் போதவில்லை. அவளும் வியாபாரத்தில் சோடை இல்லை. வருகிற வயதான பெண்களைத் தன் பக்கத்தில் பொதிமேல் உட்காரவைத்து, சேலையை அவர்கள் மடியிலேயே விரித்துக் காட்டுவாள். மடியில் விழுந்த சேலையை யாருக்கும் திருப்பிக் கொடுக்க மனசு வராது.

அவள் பெயரை நான் எழுதவில்லை. எழுதினால், "என்னக் கேட்டுட்டா எழுதின?" என்று காட்டாக்கடையிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுவாள். அங்கேதான் மகள் வீட்டில் இருக்கிறாள் என்று கேள்வி. வந்தால் எனக்குச் சந்தோஷந்தான். ஆனாலும் எழுதவில்லை.

ஆள் கறுப்பு, நல்ல கனம். பெரிய ஸ்டீல் பாட்டில் நிறையத் தண்ணீர் கொண்டுவருவாள். அதுவும் எங்களுக்கு அதிசயம். கடையில் பெண்களுக்குக் கக்கூஸ் கிடையாது. பக்கத்து ஓட்டலில் கேட்டுத்தான் போக வேண்டும், அதற்கும் மேனேஜரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அந்த வெட்கத்துக்குப் பயந்து நாங்கள் தண்ணீரே குடிக்கமாட்டோம். அவள் எல்லோரும் பார்க்கக் குடிப்பாள். பிறகு சத்தமாக, "சாரே, மூத்திரத்துக்குப் போயிட்டு வாறேன்" என்று சொல்லிவிட்டுப் போவாள். மேனேஜர்தான் தலையைக் குனிந்துகொள்வார்.

அவளுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. தனியாக உட்கார மாட்டாள். எங்கே உட்கார்ந்தாலும் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு, உள்ளங்கையால் அந்த இடத்தைத் தட்டுவாள். "இரி அக்கா" என்பாள். நான் உட்கார மாட்டேன். எனக்கு நிற்பதில் ஒரு பெருமை இருந்தது. அதைச் சொல்ல எனக்கு ஒரு குறைச்சலும் இல்லை. எங்கள் ஊரான கொல்லயிலில் நாற்று நடுகிற காலத்திலும் வரப்பில் ஏறி இளைப்பாறாதவள் என்று எனக்குப் பெயர். காலில் நரம்பு சுருண்டு சுருண்டு நீலமாகப் புடைத்திருந்தபோதும் சேலையைத் தாழ்த்திக் கட்டிக்கொண்டு நின்றேன்.

சில இடங்களில் அவள் உட்காருவது எனக்குப் பிடிக்கவும் இல்லை. என் தம்பி மகள் கல்யாணத்துக்குக் கூட்டிப்போனேன். விடிவதற்கு முன்பிருந்து எங்களோடு சேர்ந்து காய் வெட்டினாள். சர்ச்சில் ஆசீர்வாதம் முடிந்து முதல் பந்தி போட்டார்கள். முதல் பந்தி மாப்பிள்ளை வீட்டாருக்கு. இவள் கையைக் கழுவிக்கொண்டு போய், மாப்பிள்ளையின் மாமாவுக்கும் ஒரு வாத்தியாருக்கும் நடுவில் உட்கார்ந்துவிட்டாள். என் தம்பி பெண்டாட்டி என் காதில், "யாரு மைனி அது? மாப்பிள்ள வீடா?" என்று கேட்டாள். நான் என்ன சொல்வேன்? "நம்ம வீடுதான். காலம்பற இருந்து காய் வெட்டினவ" என்றேன்.

அதற்குள் அங்கிருந்து சத்தம் வந்தது. "அக்கா, அவியலுக்கு உப்பு காணாது! வெட்டினவள கடைசிப் பந்தியில இருத்தினா, உப்பில்லாதது யாருக்குத் தெரியும்? இப்பச் சொன்னா போடலாம்லா?"

மாப்பிள்ளையின் மாமா சிரித்துவிட்டார். உப்பும் போட்டார்கள். தம்பி பெண்டாட்டி மட்டும் வெகுகாலம் அதைச் சொல்லிக்காட்டினாள்.

நான் உட்கார்ந்த நாளைச் சொல்கிறேன். அதே ஓணக் காலந்தான். மத்தியானம் கூட்டம் கொஞ்சம் ஓய்ந்த நேரம். என் தோள் சுவரில் தொட்டது. சாயவில்லை, தொட்டது, அவ்வளவுதான். உடனே மைக்கில் குரல் வந்தது: "சாரி செக்‌ஷன்ல வயசாய அம்மச்சி, நேரே நில்லு!"

கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அந்தக் கூட்டத்தில் என் மருமகளின் அம்மாவும் நின்றாள், பேத்திக்குப் பாவாடைத் துணி எடுக்க வந்தவள். அவளும் பார்த்தாள்.

கால் தானாக மடங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன். நான்தான் மடக்கினேன். அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்தேன். மைக் மறுபடியும் கத்தியது. நான் எழுந்திருக்கவில்லை. அவள் அடுத்த வரிசையிலிருந்து பாட்டிலோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்றைக்கு அவள் தரையைத் தட்டவில்லை. நானே கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தேன்.

"குடி அக்கா" என்றாள். குடித்தேன். பிறகு சுரிதார் பக்கத்திலிருந்து இரண்டு பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். பில் போடுகிறவள் கவுண்டரை விட்டு எழுந்து வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு அங்கே நாற்காலி உண்டு, ஆனாலும் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

மறுநாள் எங்களை உள்ளே விடவில்லை. கடைக்கு வெளியே நடைபாதையில் உட்கார்ந்தோம். பல நாள் உட்கார்ந்தோம். மற்ற ஊர்க் கடைகளில் நிற்கிற பெண்களும் வந்து எங்களோடு இருந்தார்கள். லேபர் ஆபீசர் ஒருவர் வந்து குனிந்து குனிந்து விசாரித்தார். அவரையும் அவள் விடவில்லை. "கழுத்து வலிக்கும் சாரே, இரிக்கணும்" என்று தரையைத் தட்டினாள். அவரும் செருப்பைக் கழற்றிப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து எழுதினார்.

எங்களைத் திரும்ப வேலைக்கு எடுக்கவில்லை. ஆனால் இப்படிப் பல ஊர்களில் பெண்கள் உட்கார்ந்ததால், கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இடம் கொடுத்தே ஆக வேண்டும் என்று பிறகு சர்க்கார் சட்டம் கொண்டுவந்தது. நாங்கள் வெளியே, ஸ்டூல் உள்ளே. நான் கசந்துகொண்டேன். அவளுக்கு அந்தக் கசப்பு இல்லை. ஒரு நாள் அந்தக் கடைக்கே போய்க் கைக்குட்டை வாங்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, அந்தப் பிள்ள ஸ்டூல்ல இரிந்துட்டே எடுத்துத் தந்தா கேட்டியா. நான் நின்னுட்டு வாங்கினேன்!" என்று சொல்லிச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தாள்.

அதற்குப் பிறகுதான் நாங்கள் சிப்ஸ் யூனிட் தொடங்கினோம். நாங்கள் என்றால் நான், அவள், பக்கத்து வீட்டு ஸ்டெல்லா. ஸ்டெல்லா பூவாரில் கடல் வேலைக்காரர் வீட்டில் பிறந்து இங்கே வாழ வந்தவள். என் வீட்டுப் பக்கத்தில் தேங்காய் போட்டு வைக்கிற ஷெட் ஒன்று சும்மா கிடந்தது. பெண்கள் சேர்ந்து சிறு தொழில் தொடங்கினால் பேங்கில் கடன் கிடைக்கும், அதில் ஒரு பங்கை சர்க்கார் மானியமாகக் கட்டிவிடும் என்று எங்கள் தெருப் பெண்கள் குழுவான அயல்கூட்டத்தில் சொன்னார்கள்.

அதைக் கேட்கப் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனோம். தொழில்துறையிலிருந்து ஒரு சார் வாரத்தில் ஒரு நாள் அங்கே வருவார். கேட்க வந்தவர்கள் எல்லோரும் அவர் மேசை முன்னால் வரிசையாக நின்றார்கள். இவள் அடுத்த அறைக்குப் போய் ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தாள். கிளார்க் ஓடி வந்தார்.

"ஏம்மா, அது பிரசிடண்டுக்க கசேர!"

"அவரு வரும்ப எழும்பித் தாறேன். அதுவர அது சும்மாதானே இரிக்கு? நானும் சும்மா இரிந்துக்கிடுதேன்."

சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு கிளார்க்கிடம், பெஞ்சு ஏதாவது கிடந்தால் எடுத்துப் போடச் சொன்னார். பெஞ்சு கிடந்தது. எப்போதும் அங்கேதான் கிடந்ததாம், மேலே பழைய பைல் அடுக்கி வைத்திருந்தார்கள்.

எங்கள் கடன் பாஸானது. வாழைக்காய் சீவுகிற மெஷின், அடுப்பு, காய் உரிக்கவும் பாக்கெட் போடவும் ஒரு பெரிய ஸ்டீல் மேசை எல்லாம் வந்து இறங்கின. இனிமேல் சார் நேரில் வந்து சாமான்களைப் பார்த்து, பில்லில் உள்ளதுபோலவே இருக்கிறது என்று எழுத வேண்டும். எழுதினால்தான் மானியம். அது வராவிட்டால் கடன் முழுவதும் எங்கள் தலையில் விழும். ஸ்டெல்லா கழுத்துச் சங்கிலியை அடகுவைத்துத் தன் பங்கைப் போட்டிருந்தாள். நான் ஊர் முழுக்க, சர்ச்சில் உள்பட, "யூனிட் தொடங்குகிறேன்" என்று சொல்லி வைத்திருந்தேன். வெறுங்கையோடு திரும்ப எனக்கு வழி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வருகிறேன். ஷெட்டுக்குள் தீப்பொறி பறக்கிறது. தெருமுனையில் கிரில் வேலை செய்கிற தங்கராஜ் கட்டரைப் பிடித்துக்கொண்டு மேசைக்கு முன்னால் குந்தியிருக்கிறான். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் கீழ, மக்கா" என்று கை காட்டிக்கொண்டிருக்கிறாள். மேசையின் மூன்று கால்கள் ஏற்கெனவே குட்டை.

"ஐயோ, சர்க்கார் மேசையில்லா!" என்று கத்தினேன்.

"சர்க்கார் மேசைக்கு இவ்வளவு கால் என்னத்துக்கு அக்கா? இரிந்து பாத்தேன், மேச மூக்குல இடிக்கு. நாள் முழுக்க நின்னா காய் உரிக்கப் போறோம்? அப்ப அந்தக் கடையிலயே நிக்கலாமே."

"சாரு வந்து பாத்தா?"

"பாக்கட்டும்."

தங்கராஜ் என்னைப் பார்த்தான். "நாலாவது கால வெட்டவா, விடவா அம்மா? விட்டா ஏத்த வாழக்கா எல்லாம் ஒரு பக்கமா உருண்டு போவும்."

வெட்டச் சொன்னேன். வேறு என்ன சொல்ல?

எல்லா வேலையும் உட்கார்ந்துதான் செய்ய வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள் என்று நினைக்க வேண்டாம். அடுப்பை அவள் தாழ்த்தவில்லை. "எண்ணைக்க முன்னால இரிக்கப்பிடாது. தெறிச்சா ஓடணும்லா" என்றாள். அங்கே நிற்கிறவளை அடிக்கடி மாற்றிவிடுவாள். நான் கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றால், பின்னாலிருந்து என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுப்பாள்.

சார் வந்தார். பைக்கை நிறுத்திவிட்டு பையிலிருந்து டேப்பை எடுத்தார். மெஷினைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், தலையாட்டினார். மேசை முன்னால் வந்து நின்றார். அளந்தார். பில்லைப் பார்த்தார். மறுபடி அளந்தார்.

"இது அந்த மேச இல்லையே சேச்சி."

ஸ்டெல்லா வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். நான் தூண் மாதிரி நின்றேன். அவள் வாழைக்காய் உரித்துக்கொண்டிருந்தவள், பக்கத்தில் கிடந்த ஸ்டூலைத் தட்டினாள். "அந்த மேசதான் சாரே. இரிந்து பாக்கணும்."

"இரிக்க நேரமில்ல. இதே மாதிரி இன்னும் பல எடம் உண்டு போறதுக்கு."

"அப்ப அதுக்கும் சேத்து இங்க கொஞ்சம் இரிக்கணும்."

அவர் உட்கார்ந்தார். காகிதங்களை மேசைமேல் வைத்தார். முழங்கையும் வைத்தார். காலையிலிருந்து பைக் சீட்டிலும் மடியிலும் வைத்து எழுதி எழுதி அவருக்கும் முதுகு வலித்திருக்கும்போல, ஒரு மூச்சு விட்டார். அழுகிற ஸ்டெல்லாவைப் பார்த்தார்.

"மேசைய மாத்தி வித்துட்டு, பழைய மேசையப் போட்டு ஏமாத்துகவங்களும் உண்டு" என்றார். "அதுக்காக்கும் அளக்கது. நீங்க வெட்டினதுதான்னு நான் எப்படி எழுத? வெட்டின கால் எங்க?"

எங்களுக்கு உயிர் வந்தது. தேட ஓடினோம். ஒரு துண்டு விறகுக்குள் கிடந்தது. ஒன்றை ஸ்டெல்லாவின் வீட்டில் குலைவாழையை இழுத்துக் கட்டிய கயிற்றுக்கு முளையாக அடித்திருந்தார்கள். அதை உருவியதும் வாழை சாய்ந்துவிட்டது, அவள் மாமியார் வந்து ஒரு பாட்டம் திட்டினாள். ஒன்று என் வீட்டுக் கோழிக்கூட்டுக்குத் தாழ்ப்பாள். நாலாவதைக் காணவில்லை. அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "தங்கராஜே!" என்று தெருமுனைக்குக் கேட்கிற மாதிரி கூப்பிட்டாள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். நாலாவது காலைத் தன் கடை ஷட்டருக்குக் கைப்பிடியாக வெல்டிங் வைத்திருந்தான்.

"நல்ல ஸ்டீலாக்கும் சாரே, களைய மனசு வரல்ல."

"எடுத்துட்டு வா."

"எடுத்தா எனக்க ஷட்டர எப்படித் தூக்குகது?"

"எலே, ஸ்டெல்லா கழுத்து சும்மா கிடக்கு, ஒனக்கு ஷட்டரா பெரிசு?" என்றாள் அவள். அவன் மறுபேச்சுப் பேசாமல் போய் அறுத்துக் கொண்டுவந்தான்.

சார் நாலு துண்டையும் ஒவ்வொரு காலாகச் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். அறுத்த இடம் பொருந்தியது. மேசைமேல் அவற்றைச் சந்தையில் மீன் வைப்பதுபோல வரிசையாக வைத்து, பின்னால் எங்கள் மூன்று பேரையும் உட்காரவைத்து, போனில் படம் எடுத்தார்.

"சாமான் முழுசும் உண்டு, உயரம் மட்டும் குறைவு, இரிந்து வேல செய்யதுக்கு வெட்டினது. அப்படியே எழுதி அனுப்புறேன். மேல என்ன சொல்லுவாங்கன்னு எனக்கு உறப்பில்ல."

அந்தக் காத்திருப்பில் நான் நாளுக்குப் பத்துத் தடவை ஸ்டெல்லாவின் போனைப் பார்க்கச் சொன்னேன். ஸ்டெல்லா மாதாவுக்கு மெழுகுதிரி நேர்ந்தாள். அவள் மட்டும் எப்போதும்போல காய் உரித்தாள். ஆனால் பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் கத்தி நின்றுவிடுவதை நான் பார்த்தேன். அவளுக்குப் பயமே இல்லை என்று அதுவரை நினைத்திருந்தேன். பயத்தோடும் உட்கார்ந்திருக்க முடியும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மானியம் வந்தது. பேங்கிலிருந்து ஸ்டெல்லாவின் போனுக்குச் செய்தி வந்தது, அவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்துச் சொன்னாள். சங்கிலியும் கழுத்துக்கு வந்தது. தங்கராஜுக்கு ஷட்டர் கைப்பிடி வாங்கிக் கொடுத்தோம். யூனிட் இன்றைக்கும் நடக்கிறது. இப்போது வேலைக்கு வேறு இரண்டு பெண்கள் உண்டு. இன்ன நேரம் வேலை, வாரத்தில் ஒரு நாள் லீவு என்று அவள் மகள் வீட்டுக்குப் போவதற்கு முன்பே தீர்மானித்து வைத்துவிட்டாள்.

மானியம் வந்ததற்கு அடுத்த மழைக்காலத்தில், பூவாரிலிருந்து இரண்டு பெண்கள் எங்களைத் தேடி வந்தார்கள். ஒருத்தி குட்டை, ஒருத்தி நெட்டை. மீன் ஊறுகாய் போடுகிறவர்கள். காலையில் மீன் வந்ததிலிருந்து, ஈரச் சிமெண்டில் நின்றுதான் அவ்வளவையும் அறுக்கிறார்களாம். அவர்களுக்கும் கடன் பாஸாகியிருந்தது.

"சாரு அனுப்பினாரு" என்றாள் குட்டையானவள். "மேச வாங்குகதுக்கு முன்னால இங்க வந்து ஒரு நாள் இரிந்து பாத்துட்டுப் போங்க, பிறவு ஒங்களுக்கு வேண்டிய உயரத்துல செய்யச் சொல்லுங்கன்னு சொன்னாரு." பையிலிருந்து டேப்பை எடுத்து மேசையை அளக்கப் போனாள்.

அவள் அந்த டேப்பை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "எங்க மேசைய அளந்து ஒங்களுக்கு என்ன? ஒங்க முட்டியக் கொண்டுதானே வந்திருக்கிய? இரிங்க." இரண்டு பக்கமும் ஸ்டூலைத் தட்டினாள்.

இருவரும் மதியம் முழுக்க எங்களோடு உட்கார்ந்து வாழைக்காய் உரித்தார்கள். குட்டையானவளுக்குக் காலடியில் ஒரு பலகை போட்டோம், நெட்டையானவளுக்கு இன்னொரு ஸ்டூல் தேடினோம். பூவாரில் யார் யாரோடு சண்டை, எந்தப் படகில் எவ்வளவு மீன், எந்த ரிசார்ட்டில் எந்த வெள்ளைக்காரன் ஊறுகாயைத் தின்றுவிட்டு ஆற்றில் குதித்தான் என்று ஒரே பேச்சு. ஸ்டெல்லாவுக்குத் தன் ஊர்ப் பேச்சைக் கேட்டதில் முகமே மாறிவிட்டது.

சாயங்காலம் மழை விட்டது. நெட்டையானவள் எழுந்தாள். எழுந்தவள் அப்படியே நின்று, ஒரு காலை ஊன்றிப் பார்த்தாள், பிறகு மற்றக் காலை ஊன்றினாள்.

"எக்கா, எல்லா நாளும் இந்த நேரத்துக்கு எனக்குக் கால் உண்டுன்னே தெரியாது" என்றாள். "செவரப் பிடிச்சுதான் வீட்டுக்குள்ள ஏறுவேன்."

அவள் காய் உரிப்பதை நிறுத்தவில்லை. "மெயின் ரோட்டுக்கு ஆட்டோ கூப்பிடவா?" என்று மட்டும் கேட்டாள்.

அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வேண்டாம் என்றார்கள். பேசிக்கொண்டே நடந்து போனார்கள்.